நாலாவது வரி

இடது பக்கம் செவுரு வர்ற மாதிரி பார்த்து உக்காந்துட்டேன். நாலு வருசமா எங்க போனாலும் இதே பழக்கந்தான். பஸ்ஸோ கல்யாண மண்டபமோ, கேக்காத காதைச் செவுத்துக்குக் குடுத்துட்டு, கேக்குற காதை மனுசங்களுக்கு வெச்சுக்கறது. ஆனா இந்தக் கோர்ட் வராண்டாவுல அதனால ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒரே வராண்டாவுல ரெண்டு கோர்ட்டு, ரெண்டு வாசல், ரெண்டு டபேதாருங்க. குறுக்க சிவப்புப் பட்டை போட்டுக்கிட்டு மாத்தி மாத்தி வெளிய வந்து பேரைக் கூப்பிடறாங்க. ஒத்தைக் காதுல சத்தம் கேக்கும், எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு மட்டும் தெரியாது. இதை யாருகிட்டச் சொன்னாலும் புரியறதில்லை. ரோட்டுல எவனாவது ஆரன் அடிச்சா நான் நாலு பக்கமும் திரும்பிப் பாக்கறதுக்குள்ள அவன் திட்டிட்டே தாண்டிப் போயிருப்பான். மூணு தடவை கூப்பிடுவாங்கன்னு வக்கீல் சொன்னாரு. மூணாவது தடவையும் ஆள் வரலைன்னா சாட்சிக்கு வாரண்டுன்னு எழுதிட்டு அடுத்த கேஸுக் கட்டைப் பிரிச்சுருவாங்களாம். சாட்சி நாந்தான். அரசுத் தரப்பு முதல் சாட்சி, கோகிலவாணி, வயசு முப்பத்து நாலு. குயிலாட்டம் குரல் வரோணும்னு எங்கப்பா வெச்ச பேரு, குரலை விடு, காதே பாதிதான் மிச்சம். என் புருசன் மோகனசுந்தரம் என்னை அடிச்சாருன்னு நான் குடுத்த கேஸு இது. அதுல இன்னிக்கு நானே கூண்டுல ஏறி, அவரு என்னை அடிக்கவே இல்லைன்னு சொல்லோணும். அதுக்குத்தான் ஒன்பதே முக்காலுக்கே வந்து இந்த சிமெண்டுத் திண்டுல உக்காந்திருக்கேன்.

நாலே வரிதானுங்க, மனப்பாடம் பண்ணிக்கங்கன்னாரு என் வக்கீல் தனபாலன். ஒரு துண்டுத்தாள்ல எழுதியும் குடுத்தாரு. கோர்ட்டுக்குக் கொண்டுவரக் கூடாதுன்னதால அதை வீட்டுல அரிசி டப்பாவுக்குள்ள போட்டு வெச்சிருக்கேன். ஒண்ணு, எனக்கும் எதிரிக்கும் சின்னச் சின்ன மனஸ்தாபம் இருந்துச்சு. ரெண்டு, அவரு என்னை அடிச்சுத் துன்புறுத்தலை. மூணு, காதுல பட்ட அடி பாத்ரூமுல வழுக்கி விழுந்ததுல பட்டது. நாலு, போலீஸ் ஸ்டேசன்ல என்கிட்ட வெத்துத்தாள்ல கையெழுத்து வாங்குனாங்க, அதுல என்ன எழுதுனாங்கன்னு எனக்குத் தெரியாது. எதிரின்னா கோர்ட்டுப் பாசையில புருசன். கூட்டி வந்தப்போ மாப்பிள்ளை, இப்போ எதிரி, வர்ற புதன்கிழமை விவாகரத்துக்கு அப்புறம் ஒண்ணுமில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நீங்களா எதையும் சேர்த்துப் பேசாதீங்க. என் மூஞ்சியைப் பாக்காதீங்க, நீதிபதி அய்யாவைப் பாருங்க. தெரியலைன்னா தெரியலைன்னுங்க, ஞாபகம் இல்லைன்னா ஞாபகம் இல்லைன்னுங்க, அழுவாதீங்க. அரசாங்க வக்கீல் எந்திரிச்சு இவங்க பிறழ் சாட்சின்னு சொல்லுவாரு, சொல்லிட்டு உங்களைக் குறுக்கு விசாரணை பண்ணுவாரு, பயந்துறாதீங்க, அது அவரோட வேலை. இப்படி ஒரு நூறு சங்கதி சொல்லிக் குடுத்தாரு மனுசன். நல்லவருதான். நான் கேட்டேன், இதுக்கு வேற வழி இல்லீங்களான்னு. இருக்குதுங்க, ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டோம்னு ஹைகோர்ட்டுல மனுப் போட்டு கேஸையே ரத்துப் பண்ணலாம், ஆனா அது நாளாகும், அதுக்குள்ள அவங்க மனசு மாறிட்டா என்ன பண்ணுவீங்கன்னாரு. அவங்க மனசு மாறிட்டா என்ன பண்றதுங்கிறதுதான் ஆறு மாசமா என்னைத் தூங்க விடாம வெச்சிருக்குது. சம்மதத்தோட விவாகரத்துன்னு ரெண்டு பேரும் சேந்து குடும்பக் கோர்ட்டுல மனுப் போட்டாச்சு. வர்ற புதன்கிழமை ரெண்டு பேரும் போய் ஆமாம் சம்மதந்தான்னு சொன்னா முடிஞ்சுது. பாப்பா என்கிட்டயே இருக்கலாம், நான் உரிமை கேக்க மாட்டேன்னு அவரு எழுதிக் குடுக்கறாரு. ஆனா அதுக்கு முன்னால இன்னிக்கு இங்க நாலு வரி. சொல்லலைன்னா புதன்கிழமை அவரு வர மாட்டாரு, பாப்பாவைக் கேட்டு மனுப் போடுவாரு. அதை மறைச்சுகூடச் சொல்லலை, அவங்க வக்கீல் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு.

தன்யஸ்ரீக்கு ஏழு வயசு. என் இடது பக்கம் வந்து பேச மாட்டா, பொறந்ததுல இருந்து அப்படியே பழகுன மாதிரி சுத்தி வலது பக்கம் வந்துதான் அம்மான்னு கூப்பிடுவா. படுக்கும்போது நான் வலது காதைத் தலகாணியில வெச்சுப் படுத்துட்டேன்னா, என் தலையைத் தூக்கித் திருப்பி வெச்சுட்டுத்தான் கதை சொல்ல ஆரம்பிப்பா. அவரு மனுப் போட்டா அந்தப் புள்ளைய மாசம் ரெண்டு ஞாயித்துக்கிழமை அங்க அனுப்போணும், இல்லை, அங்கயே வெச்சுக்கறோம்பாங்க, இவ செக்கிங் வேலைக்குப் போறவ, காலையில எட்டுக்குப் போனா ராத்திரி எட்டாகும், புள்ளைய எப்படிப் பாத்துக்குவாள்னு கேப்பாங்க. கேப்பாங்கதான். நான் வேலை செய்யற கம்பெனியில தலகாணி உறையும் மேசை விரிப்பும் தைச்சு வெளிநாட்டுக்கு அனுப்பறாங்க. என் கைக்கு வர்ற ஒவ்வொரு பீஸையும் உள்பக்கம் திருப்பித் தையல் பாப்பேன். நூல் விட்டிருக்கா, ஓரம் பிசிறியிருக்கா, தையல் தாண்டியிருக்கா. தப்பு இருக்கற எடத்துல ஒரு சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளி வெச்சுரோணும். பதினோரு வருசமா இதே வேலை. கல்யாணத்துக்கு முன்னால, கல்யாணம் ஆகி, வயித்துல பாப்பா இருக்கும்போது, காது போனதுக்கு அப்புறம். இப்போ எதைப் பாத்தாலும் திருப்பிப் பாக்கத் தோணுது. அந்த நாலு வரியையும் நான் திருப்பிப் பாத்துட்டேன். முதல் வரியில தப்பில்லை, மனஸ்தாபம் இருந்துச்சு, யாருக்குத்தான் இல்லை. ரெண்டாவது வரி பொய். மூணாவதும் பொய். ஆனா அந்த ரெண்டு பொய்யும் என்னையச் சேந்தது, பட்டவ நான், படலைன்னு சொல்ல எனக்கு உரிமை இருக்குதுன்னு எப்படியோ மனசைத் தேத்திக்கிட்டேன். நாலாவதுல வந்து நின்னுபோகுது. நேத்து சோறு வடிக்கும்போது சொல்லிப் பாத்தேன், நின்னுபோச்சு. காலையில பஸ்ஸுல சொல்லிப் பாத்தேன், போலீஸ் ஸ்டேசன்லங்கிற எடத்துலயே நாக்கு ஒட்டிக்குது.

ஏன்னா அங்க யாரும் வெத்துத்தாள்ல கையெழுத்து வாங்கலை. அங்க சகாயராணி இருந்தாங்க. மகளிர் ஸ்டேசன்ல ஏட்டம்மா. திண்டுக்கல் பக்கம், பேச்சே வேற மாதிரி, ஏம்மா ஏம்மான்னு. அன்னிக்கு எங்கண்ணன் பழனிவேலுதான் கூட்டிட்டுப் போனாரு. போனதும் அண்ணன் வேகமா, எழுதுங்கம்மா, இவ புருசன், மாமியாரு, நாத்தனாரு, மூணு பேரும் சேந்து அடிச்சாங்கன்னு எழுதுங்கன்னாரு. ஏட்டம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டு என்னைப் பாத்தாங்க. மாமியார் அடிச்சாங்களாம்மான்னாங்க. நான் இல்லீங்கன்னேன். நாத்தனார்? அவ கல்யாணமாகிப் போயி மூணு வருசமாச்சுங்க. அப்ப நீங்க போய் வெளிய உக்காருங்கன்னு அண்ணனை அனுப்பிட்டாங்க. நடக்காததை எழுதுனா நடந்ததும் நிக்காது, தெரியுதான்னாங்க என்கிட்ட. எத்தனை தடவை அடிச்சாரு? நிறையங்க. நிறையன்னு எழுத முடியாதும்மா, எண்ணிச் சொல்லு. எண்ணிப் பாக்கோணும்னு எனக்கு அதுவரைக்கும் தோணவே இல்லை. உக்காந்து எண்ணுனேன். தைப்பூசத்துக்கு மறுநாள் ஒண்ணு. சிலிண்டர் தீந்துபோன அன்னிக்கு ஒண்ணு. பாப்பாவுக்குக் காதுகுத்து முடிஞ்சு எல்லாரும் போனதுக்கு அப்புறம் ஒண்ணு. ஏழு. ஏழு தடவைன்னு வாயில சொன்னப்பத்தான் எனக்கு அழுவாச்சி வந்துச்சு, அடி வாங்குனப்பக்கூட அப்படி வரலை. ஏட்டம்மா அழுவாதேன்னு சொல்லலை. தண்ணி வாங்கிக் குடுத்துட்டு, தேதி தெரியாதுன்னா பரவால்ல, என்ன விசேசத்தை ஒட்டின்னு எழுதிக்கிறேன்னாங்க. அவங்க மேசைக்கு அந்தப் பக்கம், எனக்கு இடது பக்கமா உக்காந்து கேட்டுட்டு இருந்தாங்க. நான் ஒவ்வொரு கேள்விக்கும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன் போல. மூணாவது கேள்வியோ நாலாவது கேள்வியோ, எந்திரிச்சாங்க, நாற்காலியை ஒரு கையால தூக்கிக்கிட்டுச் சுத்தி வந்து என் வலது பக்கம் போட்டு உக்காந்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, இந்தக் காது கேக்கலைங்கிறதையும் எழுதட்டுமாம்மான்னாங்க. அதுவரைக்கும் என் அம்மாகிட்டக்கூட நான் சொல்லலை.

சொல்லலைங்கிறதைவிட, எனக்கே கொஞ்ச நாள் தெரியாது. அது ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். குழம்புல உப்பு சாஸ்தின்னோ, இல்லை நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்னு சொன்னேன்னோ, எதுக்குன்னு இப்பவும் சரியா ஞாபகம் இல்லை, சகாயராணிகிட்டயும் ஞாபகம் இல்லைன்னுதான் சொன்னேன், அதையும் அப்படியே எழுதிக்கிட்டாங்க. கன்னத்துல விழ வேண்டியது கொஞ்சம் தள்ளிக் காதோட சேத்து விழுந்துச்சு. ஙொய்ன்னு ஒரு சத்தம். அவரே பயந்துட்டாரு. போய்ப் பிரிட்ஜுல இருந்து தண்ணி பாட்டில் எடுத்துட்டு வந்து வெச்சாரு, பக்கத்துல உக்காந்தாரு, அப்புறம் எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. மூணு நாள் அந்தச் சத்தம் இருந்துச்சு. அது நின்னதும், அப்பாடா சரியாயிருச்சுன்னு நினைச்சேன். அப்போ என் போனு கெட்டுப்போச்சு. அம்மா கூப்பிடறாங்க, எடுத்தா சத்தமே இல்லை. ஹலோ ஹலோன்னு கத்திட்டு வெச்சுர்றேன். கம்பெனியில இருந்து கூப்பிடறாங்க, அதே கதை. ஒரு நாள் லீவு போட்டுட்டுப் போய் பஸ் ஸ்டாண்டுக்கிட்ட ரிப்பேர் கடையில குடுத்தேன். அந்தப் பையன் எங்கம்மா நம்பருக்கே போட்டுப் பேசிப் பாத்துட்டு நல்லாத்தானக்கா இருக்குதுன்னான். நான் வாங்கி வெச்சுப் பாத்தேன், கேக்கலைப்பா, நீ சரியாப் பாருன்னு சத்தம் போட்டேன். அவன் ஸ்பீக்கர்ல போட்டுக் காட்டுனான், கடையே கேக்குற மாதிரி அம்மா பேசறாங்க. அந்தக் காதுல வெச்சுப் பாருங்கக்கான்னான். நான் எப்பவும் போனை இடது காதுலதான் வெப்பேன், வலது கையில பீஸ் இருக்கும்ல. மாத்தி வெச்சேன். கோகிலா, என்னம்மிணி பேச மாட்டேங்கறன்னு அம்மா கேக்கறாங்க. கடைப் பையன் காசு வேண்டாம்னுட்டான். வீடு வரைக்கும் நடந்தே வந்தேன், அப்பத்தான் கவனிச்சேன், ரோட்டுல பாதி ஊரே இல்லை.

மோகனசுந்தரம் வராண்டாவோட அந்தக் கோடியில நிக்கறாரு. வெள்ளைச் சட்டை, தாடி ஒழுங்காச் செரைச்சிருக்காரு, இளைச்ச மாதிரி இருக்குது. நாலு வருசம் அவருக்கும் இந்த வராண்டாதானே. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து கைகட்டிக்கிட்டு நிக்கோணும். அவரு மேல எனக்குக் கோவம் இருக்குதான்னு தேடிப் பாக்கறேன், இருக்குது, ஆனா பழசாயிப்போச்சு. வெளிய வேப்பமரத்துக்கிட்ட எங்கண்ணனும் மோகனசுந்தரத்தோட மாமாவும் ஒரே கடையில டீ குடிச்சுட்டு இருக்காங்க. நாலு வருசத்துக்கு முன்னால ஒருத்தரை ஒருத்தர் வெட்டுவேன் குத்துவேன்னவங்க. இன்னிக்குக் காலையில அண்ணன் என்கிட்ட, நாலு வரிதானம்மிணி, அதுக்கு என்ன இத்தனை யோசனைன்னு கேட்டாரு. அண்ணனுக்கு இது ஒரு தலைவலி, தீந்தாச் சரி. அம்மாவுக்கு வெளிய சொல்ல ஒரு சேதி வேணும். வக்கீலுக்கு ஒரு கட்டு குறையும். எல்லாருக்கும் இது முடியோணும், எனக்கும் முடியோணும், ஆனா முடியறப்போ நான் மட்டும் ஒரு பொம்பளைய நேரா வெச்சுப் பொய்க்காரின்னு சொல்லிட்டு முடிக்கோணும். வக்கீல்கிட்டக் கேட்டனே, நாலாவது வரியை விட்டுறலாங்களா, மீதி மூணு சொல்லிர்றேன்னு. அவரு கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டே சொன்னாரு, அதை விட்டா எப்படிங்க, புருசன் அடிக்கலைங்கறீங்க, அப்போ அடிச்சதாப் புகார் குடுத்தது யாரு, நீங்க, அப்போ பொய்ப் புகார் குடுத்தது நீங்கன்னு ஆகிப்போகும், பழி எங்கயாச்சும் போய் உக்காரோணுமில்லீங்க, போலீஸ் மேல போட்டுட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாது, தினமும் ஒருத்தர் இதே வரியைத்தான் சொல்றாங்க, ஏட்டம்மாவே கண்டுக்க மாட்டாங்க. அந்தக் கூண்டை எட்டிப் பாத்தப்போ இன்னொண்ணும் கேட்டேன், அதுல ஏறுனா நீதிபதி என் இடது பக்கம் வர்றாரே, கேக்காதேன்னு. கூண்டைத் திருப்பவா முடியும், காதைப் பத்தி அவங்க கேக்காம நீங்களா வாயே திறக்காதீங்கன்னாரு.

"ஏம்மா, சாப்ட்டியா?" காக்கிப் புடவை, சகாயராணி. வலது பக்கமா வந்து உக்காந்தாச்சு. வராண்டாவுல அத்தனை எடம் இருக்குது, அந்தப் பக்கம் சுத்தி வந்துதான் உக்காந்தாங்க. கையில பெரிய பை நிறையக் கேஸ் கட்டு. முட்டிவலின்னு ஸ்டேசன்ல இருந்து மாத்தி இப்போ கோர்ட்டு டூட்டியில போட்டிருக்காங்களாம், ஸ்டேசன் கேஸு எது வந்தாலும் கட்டைத் தூக்கிக்கிட்டு வந்து உள்ள நிக்கிறது இவங்கதான். என் கேஸுல சாட்சிப் பட்டியல்ல இவங்க பேரு இல்லை, எழுதுனது இவங்க, கையெழுத்து இன்ஸ்பெக்டர் அம்மாவோடது. "சாப்ட்டேங்க." "பாப்பா என்ன படிக்குது?" "ரெண்டாவதுங்க." "நல்லாப் படிக்குதா?" "படிக்குதுங்க, கணக்குதான் வரலை." "எனக்கும் வரலை, போலீஸாயிட்டேன்" அப்படின்னு முட்டியைத் தேய்ச்சுக்கிட்டாங்க. நான் அவங்க மூஞ்சியைப் பாக்கலை. அவங்க பைக்குள்ள அந்தப் புகாரோட நகல் இருக்குது, என் ஏழு தடவையும் அதுல இருக்குது. தெரியுமா இவங்களுக்கு. தெரியாம எப்படி, இருவத்தஞ்சு வருசம் சர்வீஸு, புருசன் வீட்டு மாமனும் பொண்ணு வீட்டு அண்ணனும் ஒண்ணா டீ குடிக்கறதைப் பாத்தாலே தெரிஞ்சுருமே. சொல்லிரலாமா. ஏட்டம்மா, நான் உங்களைப் பத்தி ஒண்ணு சொல்லப் போறேன், பாப்பாவுக்காகத்தான் சொல்றேன், மன்னிச்சுருங்கன்னு. சொல்லிட்டா நெஞ்சு கொஞ்சம் லேசாகும், எனக்குத்தான் ஆகும், அவங்களுக்கு என்ன ஆகும். அதுவும் ஒரு மாதிரி சொந்தச் சௌகரியந்தான். வாய் வரைக்கும் வந்துச்சு. "இன்னிக்கு முடிஞ்சுரும்ல?" அப்படின்னாங்க அவங்களே. "முடிஞ்சுருங்க." "முடிச்சுட்டுப் போ. பள்ளிக்கூடம் விடறதுக்குள்ள போயிரலாம்." எந்திரிச்சு, முட்டி நேராகிற வரைக்கும் செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னு, அப்புறம் கோர்ட்டுக்குள்ள போயிட்டாங்க. அவங்க உக்காந்திருந்த எடம் காலியாக் கிடக்குது, நான் பையை எடுத்து அங்க வெச்சுக்கிட்டேன்.

அப்பத்தான் அது ஞாபகம் வந்துச்சு. புகாரை எழுதி முடிச்சதும் படிச்சுக் காட்டட்டுமான்னு கேட்டாங்க, நானே படிக்கறேன்னேன். படிக்கும்போது ரெண்டாம் பக்கத்துல ஒரு தப்பு இருந்துச்சு, காதுகுத்து மாசத்தைச் சித்திரைன்னு எழுதியிருந்தாங்க, அது வைகாசி. என் கண்ணு சும்மா இருக்குமா, தையல் பாக்கற பழக்கம், விரலை வெச்சுக் காட்டிட்டேன். அட, நல்லவேளை பாத்த, என்னை மாதிரி இல்ல நீன்னு சிரிச்சாங்க. சித்திரையை அடிச்சு மேல வைகாசின்னு எழுதி, அடிச்ச எடத்துக்குப் பக்கத்துல உன் கையெழுத்துப் போடும்மா, இல்லாட்டி நாளைக்கு யாராச்சும் நாங்களா மாத்துனோம்னு சொல்லுவாங்க, உனக்குத்தான் கஷ்டம்னாங்க. போட்டேன். சின்னதா, கோகிலவாணின்னு முழுசா. இப்போ அந்தத் தாள்ல கீழ ஒரு கையெழுத்து, நடுவுல திருத்தல் பக்கத்துல ஒரு கையெழுத்து. வெத்துத்தாள்ல எப்படித் திருத்தல் இருக்கும், திருத்தலுக்குப் பக்கத்துல எப்படி என் பேரு இருக்கும். இந்தப் பொய்யைத் திருப்பிப் போட்டா தையல் விட்டிருக்குது, யார் கண்ணுக்கும் தெரியற எடத்துல, அம்புக்குறி ஒட்ட நானே எடம் காட்டிக் குடுத்திருக்கேன். வக்கீல்கிட்டச் சொல்லோணும். எந்திரிச்சேன், தனபாலன் பக்கத்துக் கோர்ட்டுல வேற கேஸுக்கு நின்னுட்டு இருக்காரு, கை காட்டுனேன், அவரு உக்காருங்க உக்காருங்கன்னு கை காட்டுனாரு. குமாஸ்தாவைக் கேட்டேன், அவரு அதெல்லாம் யாரும்மா பாக்கப் போறான்னுட்டு ஜெராக்ஸ் எடுக்கப் போயிட்டாரு. பாக்க மாட்டாங்கதான். தினமும் ஒருத்தர் சொல்ற வரி, யாரு திருப்பிப் பாக்கப் போறா. எங்க கம்பெனியிலகூட நூத்துக்குப் பத்துப் பீஸுதான் திருப்பிப் பாக்கச் சொல்லுவாங்க, நான்தான் நூறையும் பாக்கறவ. திண்டுல உக்கார முடியலை. நின்னுட்டு நாலு வரியையும் சொல்லிப் பாக்கறேன், மனஸ்தாபம், அடிக்கலை, வழுக்கி விழுந்தேன், போலீஸ் ஸ்டேசன்ல. போலீஸ் ஸ்டேசன்ல. திருத்தலைப் பத்திக் கேட்டா அஞ்சாவதா ஒரு வரி வேணுமே, அதை யாரும் எழுதிக் குடுக்கலையே.

என் பேரு கேட்டுச்சு. எந்தப் பக்கம்னு தெரியலை. ரெண்டு வாசலையும் மாத்தி மாத்திப் பாத்தேன், ரெண்டுலயும் சிவப்புப் பட்டை நிக்குது. ரெண்டாவது தடவை கேட்டுச்சு, செவுத்துல பட்டுத் திரும்பி வருது, வராண்டா முழுக்க என் பேரா இருக்குது. மோகனசுந்தரம் நடக்க ஆரம்பிச்சாரு, அவரு எந்த வாசலுக்குப் போறாரோ அதுதான் என் வாசல்னு தெரிஞ்சு பின்னாலயே போனேன். அக்கினியைச் சுத்துனப்போ நடந்த மாதிரி, அவரு முன்னால, நான் பின்னால. உள்ள ஃபேன் சத்தம் வலது காதை அடைச்சுக்கிச்சு. கூண்டுல ஏறுனேன். சத்தியம் பண்ணச் சொன்னாங்க, பண்ணுனேன். நீதிபதி அய்யா சின்ன வயசுதான், எனக்குத் தம்பி வயசு இருக்கும், இடது பக்கம் ஒசரத்துல. அரசாங்க வக்கீல் எதிர்ல நின்னு கேட்டாரு, அது கேட்டுச்சு. மனஸ்தாபம்னேன். அடிக்கலைன்னேன். வழுக்கி விழுந்தேன்னேன். தட்டச்சு ஓடிட்டே இருக்குது. மூணும் ஓடிப்போச்சு, அவ்வளவு சுலபம். நாலாவதுக்கு வாயைத் தொறந்தேன், சகாயராணி அம்மா பின்னால செவுத்தோரம் பையைப் புடிச்சுக்கிட்டு நிக்கறது கண்ணுல பட்டுச்சு, நான் வேகமா மேல செவுத்தைப் பாத்துக்கிட்டு, வெத்துத்தாள்ல கையெழுத்து வாங்குனாங்க, என்ன எழுதுனாங்கன்னு தெரியாதுன்னு சொல்லிட்டேன். அரசாங்க வக்கீல், தனபாலன் சொன்ன மாதிரியே, பிறழ் சாட்சின்னாரு, சொன்ன மாதிரியே நாலு கேள்வி கேட்டாரு, நாலுக்கும் இல்லை இல்லைன்னேன். உக்காந்துட்டாரு. முடிஞ்சுதுன்னு நினைச்சு எறங்கக் காலை எடுத்தேன். எல்லாரும் என்னையே பாக்கறாங்க. தனபாலன் எப்போ வந்தாருன்னு தெரியலை, நீதிபதி பக்கம் பாரு பாருன்னு கண்ணைக் காட்டறாரு. திரும்பிப் பாத்தேன், அய்யா கையில அந்தத் தாளு, ரெண்டாம் பக்கம், வாய் அசைஞ்சு முடிஞ்சிருக்குது. என்னமோ கேட்டிருக்காரு. மறுபடி கேட்டாரு, ஃபேன் சத்தந்தான் வருது. காதைப் பத்தி வாயே திறக்காதீங்க. நான் கூண்டுக் கட்டையைப் புடிச்சுக்கிட்டு அவரு வாயையே பாத்தேன். மோகனசுந்தரம்கூடத் தலையைத் தூக்கிப் பாத்தாரு, அவருக்குத் தெரியும் ஏன்னு, வக்கீலை விட்டா அந்த ரூமுல அது தெரிஞ்சவங்க நாங்க மூணு பேருதான்னு நினைக்கறேன். அப்போ செருப்புச் சத்தம். முட்டியைப் புடிச்சுக்கிட்டு மெதுவா, கூண்டைச் சுத்திக்கிட்டு, என் வலது பக்கம் வந்து நின்னாங்க சகாயராணி.

"அய்யா கேக்கறாங்கம்மா" அப்படின்னாங்க, அதே குரல், அதே நிதானம். "வெத்துத்தாள்தான்னா, ரெண்டாம் பக்கத்துல திருத்துன எடத்துல உன் கையெழுத்து எப்படி வந்துச்சுன்னு கேக்கறாங்க." கேள்வி அத்தனையும் கேட்டுச்சு, ஒரு எழுத்து விடாம. அஞ்சாவது வரி என்கிட்ட இல்லை. தன்யஸ்ரீ பள்ளிக்கூட வாசல்ல வலது பக்கம் வந்து நிப்பா. அவங்க மூஞ்சியை அப்பத்தான் பாத்தேன், கோவமே இல்லை, பேனாவைக் கையில புடிச்சுக்கிட்டு எண்ணிச் சொல்லுன்னு காத்திருந்த அதே மூஞ்சி. கூண்டுல ஏறுனதுல இருந்து, மனஸ்தாபத்தை விட்டா, ஒரே ஒரு நெசம் இப்போ சொல்லப் போறதுதான், அதுவும் அவங்களுக்கு எதிரா. "இவங்கதானுங்க போடச் சொன்னாங்க" அப்படின்னேன். "போட்டேன்." வாய்க்குள்ளயே சொன்னேன் போல, தட்டச்சுக்காரரு விரலைத் தூக்கி வெச்சுட்டுப் பாக்கறாரு. சகாயராணி அம்மா என் காதுக்கிட்டக் குனிஞ்சாங்க.

"சத்தமாச் சொல்லும்மா, அய்யாவுக்குக் கேக்கலை."

சத்தமாச் சொன்னேன்.